ஒரே ஊரில் ஆறு சிறு கடைகள் சேர்ந்து நிற்க நினைக்கிறோம். போட்டிக் கடையையும் சேர்க்கலாமா?

தூயமல்லி (மயிலாடுதுறை)

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், அனுபவம் உள்ளவர்கள் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

மயிலாடுதுறையில் நாலு வருடமாகப் பாரம்பரிய அரிசிக் கடை வைத்திருக்கிறேன். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி, அவல், அது போக நாட்டுச் சர்க்கரையும் பருப்பும். நானும் மாமியாரும்தான் பார்த்துக்கொள்கிறோம். பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்று வந்த பிறகு மாதச் சாமான் மொத்தமாக அங்கே போய்விட்டது. எங்களிடம் கவுனி அரை கிலோ, அவல் ஒரு பாக்கெட் என்று வாங்க மட்டும் வருகிறார்கள். வருகிறவர்கள் அன்பாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் அரை கிலோ கவுனியில் கடை வாடகை கட்ட முடியாது.

எங்களைப் போலவே இன்னும் ஐந்து பேர் இருக்கிறார்கள். மரச்செக்கு வைத்திருக்கும் அண்ணன், கூறைநாட்டில் தறி வைத்திருக்கும் ஒரு குடும்பம், துணிப்பை தைக்கும் அக்கா, வீட்டிலேயே பொடியும் ஊறுகாயும் போடும் ஒருவர், மிக்ஸி குக்கர் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர். ஆறு பேரும் இந்த ஊர்க்காரர்கள், சொந்தக் காசில் கடை வைத்தவர்கள், பொருளை வீணடிக்கக் கூடாது என்று நினைக்கிறவர்கள். சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்று வாட்ஸப் குழு ஆரம்பித்தோம். பிறகு ஒரு அட்டை அடித்தோம், ஆறு கடையில் எங்கே காட்டினாலும் 5 சதவீதம் தள்ளுபடி. தையில் தொடங்கியது சித்திரைக்குள் நின்றுவிட்டது. ஊறுகாய்க்காரருக்கு 5 சதவீதம் கொடுத்தாலும் கையில் மிஞ்சும், செக்கு அண்ணனுக்கு மிஞ்சாது. பழுது பார்க்கும் பெரியவர் 80 ரூபாய் கூலியில் 4 ரூபாய் குறைத்தால் யாருக்கு என்ன சந்தோஷம்? யார் மேலும் தப்பில்லை, ஆனாலும் அதற்குப் பிறகு குழுவில் காலை வணக்கப் படங்கள் மட்டும்தான் வருகின்றன.

மறுபடி எழுப்ப ஆசை. என் கேள்விகள்: முதலில் எதைச் செய்ய வேண்டும்? பதிவு செய்யணுமா? எல்லாப் பாக்கெட்டிலும் ஒரே பெயர் போடலாமா? கடைசியாக, மனதை அரிக்கும் விஷயம் ஒன்று. ஊரில் இன்னொருவரும் பாரம்பரிய அரிசி விற்கிறார். நல்லவர், நேர்மையானவர், "என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்கிறார். மற்ற ஐந்து பேருக்கும் சம்மதம். எனக்குத்தான் தயக்கம். வயல் வயலாக அலைந்து நான் பிடித்த விவசாயிகள் அவருக்கும் தெரிந்துவிட்டால் எனக்கு என்ன மிஞ்சும்?

---

பத்தாயம் (திருச்சி)

தங்கச்சி, உங்கள் அட்டை நின்றதில் ஆச்சரியம் இல்லை. தள்ளுபடி என்பது ஆறு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் இழப்பது. இழப்பதற்காக யாரும் ரொம்ப நாள் கூடி நிற்க மாட்டார்கள்.

நாங்கள் ஐந்து கடைகள், வெவ்வேறு ஊர், ஏழு வருடமாக ஒன்றாக ஓடுகிறோம். இன்று வரை எங்களுக்குப் பெயர் கிடையாது, லோகோ கிடையாது. ஆரம்பித்தது ஒரே ஒரு வேலைக்காக, நெல் அரைக்க. பாரம்பரிய நெல்லைச் சின்ன அளவில் புழுங்கல் போட எந்த ஆலைக்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பது உங்களுக்கே தெரியும். நெல் ஊறப்போடும் தொட்டி நிரம்ப வேண்டும், இல்லையென்றால் முன்னால் போட்ட ரகத்தோடு கலந்துவிடும். தனியாக இருந்தபோது நான் ஒரே தடவையில் பன்னிரண்டு மூட்டை அரைத்து, மூன்றாம் மாதம் வண்டு விழுந்து, பாதியைக் கோழிக்குப் போட்டிருக்கிறேன். மருந்து அடிக்காத அரிசியை மாதக்கணக்கில் வைத்திருக்கவே முடியாது. நெல்லாக இருந்தால் தாங்கும், அரிசியாக்கினால் தாங்காது. ஐந்து கடை சேர்ந்தபோது நெல்லை ஒரே இடத்தில் மூட்டை போட்டு வைத்து, ஒரு மாதத்துக்கு ஐந்து கடைக்கும் எவ்வளவு தேவையோ அதை மட்டும் அரைத்துப் பிரித்துக்கொண்டோம். நெல்லும் கொஞ்சம் பழசானதால் சோறு குழையவில்லை. வாடிக்கையாளர் குறை சொல்வது நின்றது அதில்தான்.

இரண்டாவதாகத்தான் முன்பணம் வந்தது. மாப்பிள்ளைச் சம்பா ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கும் பயிர், ஆளுயரம் வளர்ந்து காற்றுக்குச் சாயும், மகசூலும் குறைவு. வேறு ரகம் போட்டால் கொள்முதல் நிலையத்தில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று இருக்கும் விவசாயி, உங்களுக்காக ஏன் இதைப் போடணும்? விதைப்புக்கு முன்பே நாங்கள் ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு தொகை போட்டு முன்பணம் கொடுத்து, விலையையும் அப்போதே பேசிவிடுகிறோம். தையில் சந்தை விலை ஏறினாலும் அவர் எங்களுக்குத்தான் கொடுக்கிறார், இறங்கினாலும் நாங்கள் பேசிய விலைதான் கொடுக்கிறோம். ஒருவர் தனியாக இதைச் செய்ய முடியாது.

உங்கள் பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். 2 கிலோ விதை நெல் வாங்கிக்கொண்டு போகிறவர் அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. 2018 டிசம்பரில் அவர் போய்விட்டார், ஆனால் அந்த விதி எத்தனையோ ரகங்களை வயலுக்குத் திரும்பக் கொண்டுவந்தது. உங்கள் குழுவுக்கும் அப்படி ஒரே வரியில் சொல்லக்கூடிய விதி ஒன்று வேண்டும்.

போட்டிக் கடையை இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஒரு வருடம் ஆறு பேரும் கணக்குத் தீர்த்துப் பழகுங்கள், அப்புறம் பார்க்கலாம். எங்கள் ஐந்து கடையும் ஐந்து ஊரில் இருப்பதால்தான் எங்களுக்குள் சண்டை இல்லை என்று நான் நினைக்கிறேன்.

---

கணக்குப்பிள்ளை

நான் சிறு வியாபாரிகளுக்கு வரிக் கணக்கு பார்க்கிறேன். பதிவு பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன்.

முதல் வருடம் எதையும் பதிவு செய்யாதீர்கள். சங்கமாகப் பதிய ஏழு பேர் இருந்தால் போதும் (தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975), ஆனால் சங்கத்தில் லாபத்தைப் பிரித்துக்கொள்ள முடியாது. உற்பத்தியாளர் நிறுவனம் என்றால் குறைந்தது பத்து உற்பத்தியாளர்கள் வேண்டும், வாங்கி விற்கிறவர் அதில் உற்பத்தியாளர் ஆக மாட்டார். கூட்டாண்மை போட்டால் ஒருவர் வாங்கிய தொழில் கடன் எல்லோர் தலையிலும் விழும். ஊறுகாய் வியாபாரத்தில் வந்த கடனுக்குத் தறிக்காரர் வீட்டுக்கு ஆள் வருவதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

சேர்ந்து வாங்கும்போது ஒருவர் பெயரில் மொத்த பில்லும் போட்டுவிட்டுப் பிறகு பிரித்துக்கொள்வதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அது அந்த ஒருவரின் விற்றுமுதலில் ஏறிவிடும். சரக்கு விற்கிறவர்களுக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு 40 லட்சம், மற்றவர்கள் சரக்கும் உங்கள் கணக்கில் ஓடினால் அதை எட்டிவிடுவீர்கள். விலை பேசுவது ஒன்றாக இருக்கட்டும், பில் ஆளுக்கு ஒன்றாக இருக்கட்டும்.

பொதுப் பெயர் விஷயத்தில் அவசரம் வேண்டாம். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை லேபிள் ஒட்டிப் பாக்கெட் போட்ட அரிசிக்கு 5 சதவீத வரி உண்டு, மூட்டையைப் பிரித்து எடை போட்டுக் கொடுத்தால் இல்லை. லேபிளில் பாக்கெட் போட்டவரின் பெயர், முகவரி, உணவுப் பாதுகாப்பு எண் எல்லாம் இருக்க வேண்டும். ஒருவருடைய எண்ணை இன்னொருவர் சரக்கில் ஒட்டினால் பிரச்சினை வரும்போது இரண்டு பேரும் மாட்டுவீர்கள். "ஆர்கானிக்" என்று அச்சடிக்கும் எண்ணம் இருந்தால் அதற்கும் 2017 விதிமுறைப்படி சான்று தேவை. சிறு விவசாயி தானே நேராக விற்றால் விலக்கு உண்டு, கடைக்காரருக்கு அது பொருந்தாது. உங்கள் விவசாயிகள் ஐந்து பேர் ஒரே பகுதியில் இருந்தால் பங்கேற்பு உத்தரவாத முறையில் சேரச் சொல்லுங்கள். அவர்களே ஒருவர் வயலை ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடும் முறை அது, பெரிய செலவு இல்லை.

---

பேட்டைத்தெரு (விருதுநகர்)

"பெயர் வைக்காமல் ஓடுகிறோம்" என்று பத்தாயம் அண்ணன் சொன்னதும் எங்கள் ஊர் மகமைதான் நினைவுக்கு வந்தது. மாட்டு வண்டிக் காலத்தில் சரக்கோடு போகிற நாடார் வியாபாரிகள் தங்குவதற்குப் பேட்டைகள் இருந்தன. சரக்கு மதிப்பில் அல்லது மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொது நிதியில் போட வேண்டும், அதுதான் மகமை. ஊர் நாடார்களின் அமைப்பான உறவின்முறை கூடி அதை நிர்வாகம் செய்யும். யாரும் மொத்தமாகப் பெரிய தொகை கொடுக்கவில்லை, விற்கும் ஒவ்வொரு மூட்டையிலும் கொஞ்சம் கொஞ்சமாக நிதி தானாகச் சேர்ந்தது. விருதுநகரில் 1880-களில் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலை வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடி அரிசியில் நடந்த பள்ளிக்கூடம், காமராஜர் படித்த பள்ளிக்கூடம். கூட்டாகச் சேமிக்கும் இந்தப் பழக்கம் இருந்ததால்தான் 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்க முடிந்தது. இன்றைக்குத் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று நாம் சொல்வது அதைத்தான், 1962-இல் பெயர் மாறியது.

நான் அந்த மரபில் வந்தவன், அதனால் இதையும் சொல்ல வேண்டும். மகமை ஒரே சாதிக்குள் நடந்த ஏற்பாடு. கொடுக்காதவனை உறவின்முறை ஒதுக்கி வைத்தால் பெண் கொடுக்கல் வாங்கல் முதற்கொண்டு எல்லாம் நிற்கும் என்ற பயம்தான் அதற்குக் காவல். கோயிலிலும் கிணற்றிலும் அவமானப்பட்ட மக்கள் தங்களைத் தாங்களே தூக்கிக்கொள்ளக் கட்டியது அது, அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இன்று ஒரு ஊரில் கடைக்காரர்கள் கூடும்போது அந்தக் கயிற்றைப் பிடிக்கவே கூடாது. உங்கள் ஆறு பேரும் ஆறு சாதியாக இருக்கலாம், அப்படி இருந்தால் ரொம்ப நல்லது. அப்போது சாதிக் கட்டுப்பாட்டுக்குப் பதிலாக உங்களைக் கட்டிப்போடுவது எது என்று யோசித்து வைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த வரை இரண்டுதான்: ஆளுக்கு ஒரு முன்வைப்புத் தொகை, எல்லோரும் புரட்டிப் பார்க்கக்கூடிய ஒரு நோட்டு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் அறிவித்தன. எங்கள் தெருவில் எல்லோரும் மனதாரச் செய்தோம். காளிமார்க் கலர் கம்பெனி 1916-இல் எங்கள் ஊரில் பிறந்தது, அதன் பொவண்டோ கேட்டு வராத ஆளே இல்லை அந்தக் கோடையில். ஆனால் கடைக்குள் நின்ற ஃபிரிட்ஜ் பெரிய கம்பெனி கொடுத்தது. தினமும் வண்டியில் சரக்கு இறக்கி, காலி கிரேட்டைத் திரும்ப எடுத்துப் போகிற ஏற்பாடும் அவர்களுடையது. உள்ளூர் கலர் கம்பெனிகளால் அந்த வேகத்துக்குச் சரக்கு அனுப்ப முடியவில்லை, கடைக்காரர்களான நாங்களும் கூடி ஒரு ஃபிரிட்ஜ் வாங்கவில்லை, ஒரு வண்டி ஏற்பாடு செய்யவில்லை. மெல்ல மெல்லப் பழைய பாட்டில்கள் திரும்பி வந்தன. அந்த உற்சாகம் இருந்த மூன்று மாதத்தில் மகமை போல ஒரு நிதி சேர்த்து ஃபிரிட்ஜ் வாங்கியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்று இப்போதும் நினைப்பேன். வேண்டாம் என்று சொல்ல ஒரே நாள் போதும். அதன் இடத்தில் இன்னொன்றைக் கொண்டுவந்து வைப்பதற்குத்தான் பணமும் ஆளும் வேண்டும்.

---

தூயமல்லி

எல்லோருக்கும் நன்றி. ஆலைத் தொட்டி விஷயம் அப்படியே என் கதை, நானும் வண்டு விழுந்து கொட்டியிருக்கிறேன். பத்தாயம் அண்ணா, எனக்கு ஒன்று புரியவில்லை. நெல் அரைப்பதில் எனக்கு லாபம் வரும், செக்கு அண்ணனுக்கும் வேண்டுமானால் எள்ளும் கடலையும் சேர்த்து வாங்கலாம். பை தைக்கும் அக்காவுக்கும் பழுது பார்க்கும் பெரியவருக்கும் இதில் என்ன? ஆறு பேரும் ஒரே வேலையைச் சேர்ந்து செய்ய வழியில்லையே. யோசித்துப் பார்த்தால் தொட்டியை நிரப்ப எனக்குத் தேவைப்படுவது இன்னொரு அரிசிக் கடைதான், அதுவும் அந்தப் போட்டிக் கடைதான்.

---

ஏவன்கரை (பிரிஸ்டல்)

அக்கா, நீங்கள் கடைசியில் எழுதிய வரிக்குத்தான் பதில் சொல்ல வந்தேன்.

அமெரிக்காவில் பிலடெல்பியாவில் ஜூடி விக்ஸ் என்பவர் 1983-இல் வைட் டாக் கஃபே என்று ஒரு உணவகம் தொடங்கினார். பன்றிகளைத் திரும்பக்கூட இடமில்லாத கூண்டில் அடைத்து வளர்ப்பதை அறிந்ததும் பன்றிக்கறியை உணவுப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டு, புல்வெளியில் வளர்க்கும் விவசாயிகளைத் தேடிப் பிடித்தார். அவர் கடைக்கு அது பெரிய பெயர் வாங்கித் தந்தது. ஊரில் வேறு யாரிடமும் இல்லாத பொருள், உங்கள் தூயமல்லி மாதிரி. அப்போது அவருக்கு ஒன்று தோன்றியிருக்கிறது: மிருகங்கள் மேல் உண்மையிலேயே அக்கறை இருந்தால் இதை என் கடைக்கு மட்டும் வைத்துக்கொள்வதில் என்ன நியாயம்? பன்றி கொண்டுவரும் விவசாயியிடம் "இன்னும் நிறைய கடைகளுக்குக் கொடுக்க உங்களுக்கு என்ன தடை?" என்று கேட்டார். குளிரூட்டிய வண்டி இல்லை என்றார் விவசாயி. 30,000 டாலர் கடன் கொடுத்து வண்டி வாங்க வைத்தார், தன் போட்டி உணவகங்களுக்குக் கறி கொண்டுபோவதற்காக! 2000-இல் அதற்கென்றே ஒரு அமைப்பு தொடங்கி, யாரிடம் எதை வாங்கலாம் என்பதை மற்ற சமையல்காரர்களுக்கு இலவசமாகச் சொல்லிக் கொடுத்தார். 2001-இல் லாரி ஹாமல் என்பவரோடு சேர்ந்து அமெரிக்கா, கனடா முழுக்க உள்ளூர்ச் சொந்தக் கடைகளின் ஊர் வலைகளை இணைக்கும் கூட்டமைப்பை ஆரம்பித்தார்கள்.

அதனால் நான் பத்தாயம் அண்ணனோடு இந்த ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். ஒரே பொருள் விற்கும் இரண்டு பேருக்குத்தான் சேர்ந்து செய்ய உண்மையான வேலை இருக்கிறது. ஒரே ஆலை, ஒரே வண்டி, ஒரே விவசாயி. உங்கள் விவசாயியின் போன் எண்ணை அந்தக் கடைக்காரருக்குக் கொடுப்பீர்களா என்பதுதான் கேள்வி. வேறு வேறு பொருள் விற்கிறவர்கள் நட்பாக இருப்பது சுலபம், ஆனால் அது நட்பாகவே நின்றுவிடும்.

இப்போது இங்கிலாந்தில் நான் இருக்கும் ஊர்க் கதை, எச்சரிக்கைக்காக. 2012 செப்டம்பரில் பிரிஸ்டல் பவுண்ட் என்று இந்த ஊருக்கு மட்டுமான பணம் வந்தது. ஒரு பவுண்டுக்கு ஒரு பிரிஸ்டல் பவுண்ட், உள்ளூர்ச் சொந்தக் கடைகளில் மட்டும் செல்லும். அப்போதைய மேயர் ஜார்ஜ் பெர்குசன் தன் சம்பளம் முழுவதையும் அதிலேயே வாங்கிக்கொண்டார், மாநகராட்சி வரியைக்கூட அதில் கட்டலாம். நோட்டுகள் அத்தனை அழகு, நான் ஒரு ஐந்து இன்னும் வைத்திருக்கிறேன். 2021-இல் நோட்டுகள் செல்லாமல் போயின. நான் வழக்கமாகப் போகும் காபிக் கடையில் கேட்டபோது, "வாங்கிய நோட்டை நான் யாருக்குக் கொடுப்பது? பால்காரர் வாங்குவார், காபிக்கொட்டை மொத்த வியாபாரி வாங்க மாட்டார், கல்லாவில் தேங்கிவிடும்" என்றார். இதற்கிடையில் அட்டையைத் தொட்டாலே பணம் போய்விடும் வசதி எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. எத்தனையோ நல்ல மனிதர்கள் உழைத்த முயற்சி, எனக்கு இன்னும் வருத்தம்தான். ஆனால் சரக்கு எங்கிருந்து வருகிறது என்ற பக்கம் கட்டப்படாமல் வாங்குகிறவர் பக்கம் மட்டும் அட்டை, நோட்டு, முத்திரை என்று செய்தால் அது தேங்கிவிடுகிறது. உங்கள் 5 சதவீத அட்டையும் இந்த வகைதான் என்று தோன்றுகிறது.

"உள்ளூரில் வாங்கினால் காசு உள்ளூரில் சுற்றும்" என்று சொல்கிறார்களே, அதற்கு அமெரிக்காவில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சிகாகோவின் ஆண்டர்சன்வில் பகுதியில் பத்து உள்ளூர்க் கடைகளை வைத்து 2004-இல் வந்த ஆய்வு: 100 டாலர் செலவில் உள்ளூர்க் கடை என்றால் 68 டாலர் அந்த ஊரிலேயே சுற்றுகிறது, சங்கிலிக் கடை என்றால் 43. இந்த எண்ணை அப்படியே எடுத்து மயிலாடுதுறை நோட்டீஸில் போடாதீர்கள், அது அந்த ஊர்க் கணக்கு. நீங்கள் செய்ய வேண்டியது உங்கள் கணக்கு. ஒரு மாதம் ஆறு கடைகளும் நோட்டு போட்டுப் பாருங்கள்: கொடுத்த காசில் எவ்வளவு மாவட்டத்துக்குள் நின்றது? நாட்டுச் சர்க்கரையும் பருப்பும் எங்கிருந்து வருகின்றன? பை தைக்கும் அக்கா துணி எங்கே வாங்குகிறார்? கூறைநாட்டுத் தறியில் மிச்சமாகும் துண்டுகள் எங்கே போகின்றன? ஒருவர் கழிப்பது இன்னொருவருக்குச் சரக்காக ஆகும் இடங்கள் அந்த நோட்டில்தான் தெரியவரும்.

---

மாதச்சாமான் (கும்பகோணம்)

கடைக்காரர்கள் நிறையப் பேசிவிட்டீர்கள், வாங்குகிறவள் பக்கமும் கேளுங்கள். நான் ஆசிரியை, வீட்டில் நாலு பேர். உங்களைப் போன்ற கடைகளில் வாங்க எனக்கு மனம் நிறைய ஆசை. ஆனால் பள்ளி விட்டு நான் வரும்போது ஒரு கடை மூடியிருக்கும், இன்னொரு கடையில் எண்ணெய் தீர்ந்திருக்கும், மூன்றாவது கடை ஊரின் அந்தக் கோடியில். ஒரு மாதச் சாமானுக்கு ஐந்து இடம் போய்வர முடியாமல்தான் பெரிய கடைக்குப் போகிறேன். விலை இரண்டாவது காரணம்தான்.

தள்ளுபடி எனக்கு வேண்டாம். ஆறு கடைக்கும் சேர்த்து ஒரே பட்டியல் கொடுங்கள், விலையோடு. மாதம் 28-ஆம் தேதிக்குள் நான் குறித்து அனுப்பிவிடுகிறேன், சம்பளம் வந்த வாரத்தில் ஒரு நாள் எல்லாம் சேர்ந்து ஒரே வண்டியில் வந்தால் போதும். எண்ணெய்க்கு என் தூக்கையே கொடுத்தனுப்புகிறேன், துணிப்பையைத் திருப்பிக் கொடுக்கிறேன். பழுதான மிக்ஸியை அதே வண்டியில் ஏற்றிவிட்டால் பெரியவருக்கும் வேலை ஆயிற்று! அவருக்கு இதில் என்ன என்று கேட்டீர்களே, எனக்கு அவர்தான் முதலில் வேண்டும். குக்கர் பிடி கழன்றதற்குப் புதுக் குக்கர் வாங்கச் சொல்கிற ஊரில் வாழ்கிறோம்.

இன்னொரு வேண்டுகோள். செக்கு எண்ணெய் என்று சொல்லி என்னை ஒரு கடையில் ஏமாற்றியிருக்கிறார்கள். உங்கள் குழுவில் சேருகிறவர் உண்மையாகச் செய்கிறார் என்று நான் எப்படி நம்புவது?

---

பத்தாயம்

கும்பகோணம் அம்மா கேட்டது நல்ல கேள்வி. மரச்செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 120 என்று வைத்தால் பருப்புக்கே 300 ஆகிவிடும், புண்ணாக்கு விற்று அதில் கொஞ்சம் திரும்பும், ஆட்டுக் கூலி உண்டு. இதை எழுதிக் கடையில் மாட்டச் சொல்லுங்கள். இந்தக் கணக்குக்குக் கீழே விற்கிறவரிடம் "எப்படிக் கட்டுப்படியாகிறது?" என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். எங்கள் ஐந்து கடையும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் கிடங்குக்கு ஒருவர் போவோம். முதல் தடவை எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது வராவிட்டால்தான் ஏன் வரவில்லை என்று கேட்கிறேன்.

ஏவன்கரை தம்பி, நீங்கள் சொன்னதை இரண்டு நாளாக யோசித்தேன். எங்களுக்கு ஊர் வேறு என்பதால் அந்தச் சோதனையே வரவில்லை, அதனால் சேர்க்க வேண்டாம் என்று நான் சொன்னது அனுபவத்தில் சொன்னதல்ல, பயத்தில் சொன்னது. தங்கச்சி, சேர்ப்பதென்றால் ஒன்று மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள்: விவசாயிக்குக் கொடுக்கும் விலை இரண்டு கடைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், ஒருவரைத் தாண்டி ஒருவர் போய் விலை குறைக்கவோ கூட்டவோ கூடாது. விற்கிற விலை அவரவர் இஷ்டம்.

---

தூயமல்லி (மூன்று வாரம் கழித்து)

என்ன ஆனது என்று சொல்ல வந்தேன்.

செக்கு அண்ணன் கொட்டகையில் ஏழு பேரும் உட்கார்ந்தோம், ஆமாம், ஏழு பேர். தள்ளுபடி அட்டையை எல்லோரும் சேர்ந்து மூடிவிட்டோம். ஆளுக்கு 2,000 ரூபாய் முன்வைப்பு, இரண்டு பேர் கையெழுத்தில் ஒரு வங்கிக் கணக்கு, ஒரு நோட்டு. அது செக்குக் கொட்டகையிலேயே ஆணியில் தொங்குகிறது, எண்ணெய் வாங்க வருகிறவர்கூடப் புரட்டிப் பார்க்கலாம். பட்டியல் யோசனையை அப்படியே எடுத்துக்கொண்டோம். முதல் மாதம் பத்தொன்பது வீடுகள் குறித்து அனுப்பினார்கள், தறிக்கார வீட்டுப் பையன் தன் வண்டியில் இரண்டு நாளில் கொண்டுபோய்ச் சேர்த்தான், கூலி எல்லோரும் பங்கு போட்டுக் கொடுத்தோம். அதில் நாலு மிக்ஸி, ஆறு குக்கர் திரும்பி வந்தன. பெரியவர் பழுது பார்த்துத் தருகிற பொருளோடு இப்போது என் விலைப்பட்டியலையும் கொடுத்தனுப்புகிறார், நான் கேட்கவே இல்லை.

காசு எங்கே நிற்கிறது என்ற கணக்கும் போட்டோம். பை தைக்கும் அக்கா துணியை வெளியூரிலிருந்துதான் வாங்குகிறார், தறியில் மிச்சமாகும் துண்டு பைக்குப் போதாது, பட்டும் பைக்கு ஆகாது. சின்ன சுருக்குப்பை தைத்துப் பார்க்கலாம் என்று கொஞ்சம் எடுத்துப் போயிருக்கிறார். என் நாட்டுச் சர்க்கரையும் வெளி மாவட்டம்தான், அதற்கு இங்கே வழியில்லை.

ஐப்பசி கடைசி நாள் கடைமுக நீராடலுக்குக் காவேரிக்கு வருகிற கூட்டத்தில் சேர்ந்து ஒரு கடை போடலாமா என்பது இன்னும் இழுபறியில் இருக்கிறது. ஊறுகாய்க்காரருக்கு ஆசை, மற்றவர்களுக்கு அந்த ஒரு நாள் கூட்டத்தை நம்பிச் சரக்குச் சேர்க்கப் பயம்.

அரிசிக்கடைக்காரர் விஷயம். தூயமல்லி கொடுக்கும் விவசாயியின் எண்ணைப் போன வெள்ளிக்கிழமை அவருக்குக் கொடுத்தேன். நாலு வருடம் யாருக்கும் சொல்லாத எண். கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை, காபி போட்டுக் கொடுத்தார். மறுநாள் காலையில் அந்த அரிசிக்கடைக்காரர் கடைக்கே வந்து ஒரு துண்டுச் சீட்டு வைத்துவிட்டுப் போனார். அதில் அவருக்குக் காட்டுயாணம் கொடுக்கும் இரண்டு பேரின் எண்கள் இருந்தன. இரண்டு வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த நெல் அது. புதன்கிழமை இரண்டு கடைக்கும் சேர்த்துத் தொட்டி போடுகிறோம், ஆலைக்காரர் ஒத்துக்கொண்டார்.